கோம்பையா கன்னியா

பாஸ்கர் காலை நீட்டிக் கொடுப்பான். அதைத்தான் அங்கம்மாவால் தாங்க முடியவில்லை. முரண்டு பிடித்தாலோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னாலோ கட்டுகிற கைக்கு ஒரு வீம்பாவது வரும். அவனோ ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் கை நீட்டுகிற பிள்ளை மாதிரி வலது காலை நீட்டிவிட்டு, அவள் முடிச்சுப் போடுவதை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பான். பார்த்துவிட்டு, "இது நிக்காது, ஏ. இன்னொரு சுத்து வலி" என்று சொல்லியும் கொடுப்பான்.

அவன் சொன்னபடியே இன்னொரு சுற்று சுற்றி, கட்டில் காலோடு இறுக்கி, பழைய சோற்றையும் சுட்ட கருவாட்டையும் பக்கத்தில் மூடி வைத்துவிட்டு, மீன் தேக்சாவைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவள் சந்து முனைக்குப் போவதற்குள் அவன் அவிழ்த்திருப்பான். முப்பது வருஷம் போட்டில் கயிற்றோடு பிழைத்த கை அது. விசைப்படகில் வலை இழுக்கிற இரும்புக் கயிறு அறுந்து மண்டையில் அடித்து இரண்டு வருஷம் ஆகிறது. தலைக்குள் என்னென்னவோ அழிந்து போயிற்று. தம்பி முகம் மறந்தது, ரேஷன் கடை வழி மறந்தது, சாப்பிட்டோமா இல்லையா என்பது மறந்தது. கைக்கு மட்டும் ஒன்றும் மறக்கவில்லை. கிழிந்த வலையைக் கொடுத்தால் கண்ணி கண்ணியாகப் பின்னி முடித்துவிடுவான். முடிச்சைக் கொடுத்தால் அவிழ்த்துவிடுவான்.

அவிழ்த்தால் எங்கே போவான்? அதுதான் இந்த வீட்டின் வயிற்றில் இருந்த நெருப்பு.

திருவொற்றியூரில் கடலுக்கும் எண்ணூர் ரோட்டுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கிற குப்பம் அவர்களுடையது. கிழக்கே பாறாங்கல் கொட்டிய கரை, மேற்கே ரோடு. ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடும். நாலு வருஷத்துக்கு முன்னால் பெரிய பெண் எழில்மொழி அந்த ரோட்டுக்கு எதிர்ப்புறம் கம்பெனி வேன் ஏறுவாள். கரையில் இருக்கிற நாளெல்லாம் பாஸ்கர்தான் கையைப் பிடித்துத் தாண்டி விடுவான். பத்தொன்பது வயசுப் பெண்ணுக்குக் கூச்சம். "வுடு நைனா, எல்லாரும் பாக்குறாங்கோ" என்று கையை உதறிக்கொண்டே தாண்டுவாள். அவன் கடலுக்குப் போயிருந்த ஒரு நாள் தனியாகத் தாண்டினாள். அந்த ஒரு நாள் போதுமானதாக இருந்தது.

இப்போது பாஸ்கருக்கு அவள் செத்தது ஞாபகமில்லை, தாண்டி விடுவது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஒன்பது மணி அடித்தால் உடம்பு தானாக எழுந்துகொள்ளும். ரோட்டின் நடுவில் போய் நின்று லாரிகளைப் பார்த்துக் கையைத் தூக்குவான். இரண்டு தடவை டிரைவர்கள் நடு ரோட்டில் பிரேக் போட்டு, கண்டெய்னர் ஒருச்சாய்ந்து நின்றது. இரண்டாவது தடவை ரோட்டில் நின்ற போலீஸ்காரர் வீடு வரைக்கும் வந்தார். கெட்டவரில்லை. "யம்மா, அடுத்த தபா நானே ஹோமுக்கு இட்டுகினு போயிடுவேன். இல்லாங்காட்டி அள்ளிகினுதான் போவணும். நீயே சொல்லு, எது வோணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காசிமேட்டில் ஏலம் எடுத்து ஒன்பது மணிக்குள் அங்கம்மா வீடு வந்துவிடுவாள். சின்னவள் ஜோதிகா காலடிப்பேட்டையில் மருந்துக்கடை வேலைக்கு அப்போதுதான் கிளம்புவாள். அங்கம்மா தேரடி மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றுவிட்டுத் திரும்ப ஒரு மணி. இந்த நாலு மணி நேரத்துக்கு ஒரு ஜீவன் வேண்டும், கண்ணுங்களா. அவன் வாசலைத் தாண்டினால் ஊரைக் கூட்டிக் குரைக்கிற ஒரு ஜீவன்.

மார்க்கெட்டுக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருந்த தேவப்பிரியத்திடம் அவள் இதைச் சொல்லி அழுதிருந்தாள். தேவப்பிரியம் சாத்தூர்ப் பக்கத்து மனுஷி. வந்து இருபது வருஷம் ஆகியும் பேச்சு இன்னும் ஊரைவிட்டு வரவில்லை. ஒரு வியாழக்கிழமை கடைப்படியில் நின்று சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, எந்தம்பி பொன்ராஜ்ட்ட பேசிட்டேன். ஒரு கன்னி இருக்கு, ஒரு கோம்பை இருக்கு. ரெண்டுல எது வேணும்னு சொல்லுங்க."

அங்கம்மா செதில் சீவுவதை நிறுத்தினாள். "கண்ணியா? வலைக் கண்ணியா? ஒந்தம்பி இன்னாத்துக்கு வலை வச்சிகீறாரு?"

"ஐயோ, அது மூணு சுழி. இது ரெண்டு சுழிக் கன்னி. நாயிக்கா! எங்க பக்கத்து நாய்ச்சாதி. இப்பல்லாம் ஊர்லயே தேடணும், அம்புட்டு அருமை."

"எனுக்கு ஏதுமா சுழி கிழியெல்லாம்? ஏலத்துல வெரலை எண்ணத் தெரியும், அவ்ளோதான்." அங்கம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கன்னி என்றால் அவள் வீட்டில் வேறு ஒன்று. கல்யாணம் ஆகாமல் செத்த பெண் வீட்டுக்குக் கன்னி. மாடத்தில் எழிலின் போட்டோவை வைத்து, பாவாடைத் துணி சாத்தி, வெள்ளிக்கிழமை வளையலும் பூவும் வைத்துக் கும்பிடுகிறார்கள். அந்தப் பேரை யாரும் சொல்லக் கூடாது, கன்னி என்றுதான் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டவளே அங்கம்மாதான். "குரைக்குமா அது?"

"கன்னி குரைக்காது. இருக்க எடமே தெரியாது. மான் மாதிரி ஓடும், பூ மாதிரி பழகும். கோம்பைதான் குரைக்கும். செவலை நெறம், வாய் மட்டும் கரிச்சட்டி. வேத்தாளு வாசல்ல கால வைக்க முடியாது பாத்துக்கிடுங்க."

"அப்ப கோம்பைதான். இதுல இன்னா யோசன கீது?"

"யோசன இருக்கு. ரெண்டயும் பாத்துட்டுச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழமையோட தம்பி மாத்தூர்ல நாய் வளக்குற எடத்தக் காலி பண்ணுதான். மத்ததெல்லாம் ஊருக்கு ஏத்தியாச்சு, இது ரெண்டுதான் பாக்கி."

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரே பேச்சு. ஜோதிகா போனில் தேடித் தேடிப் படித்தாள். பக்கத்து வீட்டு சிவந்தி இட்லி மாவு வழித்த கையோடு வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். காரப்பொடி மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மூலையில் பாஸ்கர், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரியாமல், வலை ஊசியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ம்மா, கோம்பை கடிக்கும்னு போட்டுகீதும்மா. நைனாவக் கடிச்சிட்டா?"

"கடிச்சா ஊசி போட்டுக்கலாம்டி. லாரி ஏறுனா இன்னா போடுவே?"

"சொம்மா சொல்லாத. இந்தக் கன்னி சாதுவாம். புள்ளைங்களோட நல்லா பழகுமாம்."

"சாது எனுக்கெதுக்கு? ஒங்கப்பன் ஒரு சாது பத்தாதா?"

சிவந்தி இடையில் புகுந்தாள். "யக்கா, நாய்க்குன்னா மாத்தூர் வரிக்கும் போவணும்? நம்ம சந்துலயே பத்து கீதே."

"கீதே! அத்தினியும் அந்தாளு பின்னாலயே வால ஆட்டிகினு ரோட்டு வரிக்கும் வழியனுப்பப் போவுது. சோறு போட்டு வளத்த கைய அதுங்க தடுக்குமா?"

"எனுக்கின்னாவோ நாயெல்லாம் பேஜாருன்னு தோணுது. பேசாம ஒரு சங்கிலி..."

"யக்கா!" ஜோதிகா எழுந்துவிட்டாள். "கயிறே எனுக்குப் புடிக்கல. சங்கிலி கிங்கிலின்னு யார்னா போட்டீங்க, நான் வூட்ட வுட்டே பூடுவேன்."

"நீ போயிடுவே, அவரு போயிடுவாரு. நான் மட்டும் குந்திகினு கட்டிலக் காவல் காக்குறேன்," என்றாள் அங்கம்மா. குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக மணலி வழியாக மாத்தூர் போனார்கள். பாஸ்கரை விட்டுவிட்டு எங்கே போவது? பஸ் ஜன்னலில் அவனைத் திணித்து, ஓரத்தில் அங்கம்மா உட்கார்ந்துகொண்டாள். எண்ணெய் கம்பெனி வாசனை மூக்கைத் துளைத்தது. ஐப்பசி மேகம் இறங்கி, பகல் பத்து மணிக்கே சாயங்காலம் மாதிரி இருட்டியிருந்தது. வழி நெடுக அவன், "வேன் போயிருக்குமா, ஏ?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். "இன்னிக்கு ஞாயித்துக்கெழம" என்று அவளும் பதினைந்து தடவை சொல்லியிருப்பாள்.

பொன்ராஜ் லேத்துப் பட்டறைக்காரர். பட்டறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு நாய்களுக்கு இடம் வைத்திருந்தார். கோம்பை இவர்கள் கேட்டைத் தொடும்போதே ஆரம்பித்துவிட்டது. நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற குரைப்பு. செம்மண் உடம்பு, கறுத்த வாய், சங்கிலியை இழுத்த இழுப்பில் தூணே ஆடியது. அங்கம்மாவுக்கு அதைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. இந்தச் சத்தம் கேட்டால் சந்தே எழுந்து வரும்.

"இதான். இதையே குடுங்க நைனா," என்றாள் அங்கம்மா பொன்ராஜிடம்.

பொன்ராஜ் மோவாயைச் சொறிந்தார். "குடுக்கேன். ஆனா கேட்டுக்கிடுங்க. கோம்பைக்கு எசமான் ஒருத்தர்தான். மொத மூணு நாளு யாரு கையால சோறு திங்குதோ அவுகதான். அண்ணாச்சி கையால தின்னுச்சுன்னு வைங்க, மீன் வித்துட்டு வார ஒங்களயே உள்ள விடாது. ஒங்க கையால தின்னா, அண்ணாச்சி வாசலத் தாண்டும்போது தடுக்கும். தடுக்கும்னா கையக் கும்பிட்டுத் தடுக்காது. கெண்டக்கால்ல வாய வைக்கும்."

அங்கம்மா நாயின் வாயைப் பார்த்தாள், புருஷனின் காலைப் பார்த்தாள். கயிறு அறுத்து அறுத்துக் கணுக்காலைச் சுற்றி வளையல் மாதிரி கறுத்த தழும்பு. கடிக்கிறதற்கென்றே ஒரு நாயைத் தன் கையால் சோறு போட்டு வளர்க்க வேண்டும். கட்டிய கைக்கு இது ஒன்றும் பெரிசில்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்குப் பயமாக இருந்தது.

"எங்கையாலயே துன்னட்டும்," என்றாள்.

"ம்மா..." என்றாள் ஜோதிகா.

"நீ கம்முனு கெட."

இவர்கள் இங்கே பேசிக்கொண்டிருக்கும்போதே பாஸ்கர் தகரத்தின் அந்தக் கோடிக்குப் போயிருந்தான். அங்கே ஒரு கறுப்பு நாய் சுவரோடு ஒட்டி நின்றது. கட்டவில்லை. குச்சிக் கால், வயிறு முதுகோடு ஒட்டி, கண்ணுக்கு மேலே காவி நிறத்தில் இரண்டு பொட்டு. குரைக்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, மெள்ள. அது கன்னி. பயப்படும்," என்றார் பொன்ராஜ்.

பாஸ்கர் திரும்பினான். "கன்னியா?"

"ஆமா, கன்னி. பொம்பளப்புள்ள."

"எங்க வூட்டுக் கன்னியா?"

பொன்ராஜுக்கு என்ன தெரியும், பாவம். வீட்டுக்கு வந்த மனுஷன் ஆசையாகக் கேட்கிறான் என்று நினைத்து, வாய் நிறையச் சொன்னார். "ஒங்க வீட்டுக் கன்னிதான். கூட்டிட்டுப் போங்க!"

பாஸ்கர் அப்படியே மண்ணில் குந்திவிட்டான். நாய் அவன் உள்ளங்கையை மோந்து பார்த்தது. முப்பது வருஷ மீன் வாசனை. பிறகு நீள மூக்கை அந்தக் கைக்குள் வைத்துக்கொண்டு நடுக்கத்தை நிறுத்தியது. "எங்க இருந்தே நீயி? ஒங்கம்மா தேடிகினு கீறா," என்று அவன் சொன்னது அங்கம்மாவின் காதில் விழுந்தது.

அப்புறம் அவனை எழுப்ப முடியவில்லை. அங்கம்மா கையைப் பிடித்து இழுத்தாள். "யோவ், அது நாயிய்யா. நாயி! கண்ணு தெரீல?" அவன் குழந்தை மாதிரி விசும்பினான். "வுட்டுட்டுப் போவச் சொல்றியா? பொட்டப்புள்ளய?" ஜோதிகா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கோம்பை குரைத்த குரைப்பில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை.

"ம்மா, வுடும்மா. இத்தையே இட்டுகினு போலாம்," என்று கடைசியில் ஜோதிகாதான் சொன்னாள். அங்கம்மாவின் தலை ஆடியது. ஆட்டியது அவள்தானா என்று அவளுக்கே தெரியாது.

பொன்ராஜ் உள்ளே போய் வெற்றிலையில் ஒரு தேங்காயும் மஞ்சளும் வைத்துக்கொண்டு வந்தார். "கன்னிய நாங்க விக்கிறதில்லக்கா. பொண்ணு கட்டிக் குடுக்கையில கூட அனுப்பி வைப்போம். எம்மக சுஜாவுக்குன்னு வளத்தது. அவ மூணாவது மாடியில இருக்கா, மாமியாரு வேண்டாம்னுட்டாக. மூணு சொல்லு குடுங்க போதும். விக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, கட்டிப் போடக் கூடாது. கட்டுனா சோறு எடுக்காது இது. பட்டினி கெடந்தே போயிரும்."

கட்டிப் போடக் கூடாது என்று சொல்லும்போது அவர் கண் பாஸ்கரின் கணுக்காலுக்குப் போய்விட்டு வந்தது. அங்கம்மா முந்தானையை ஏந்தி வெற்றிலையை வாங்கிக்கொண்டாள்.

ஆட்டோ பிடிக்க ரோட்டுக்கு வந்ததும் ஒரு டேங்கர் லாரி ஹாரன் அடித்தது. அவ்வளவுதான், கன்னி நாலு காலையும் பரப்பித் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. கூப்பிட்டாலும் இழுத்தாலும் அசையவில்லை. கல்லாகிவிட்டது. பொன்ராஜும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அரிசி மூட்டையைப் போலத் தூக்கி உள்ளே போட்டார்கள். "இது ஒண்ணுதான் கொறை. காட்டுல ஓடுன சாதி, வண்டிச் சத்தம் ஆகாது," என்றார் பொன்ராஜ் வெட்கத்தோடு.

குரைக்கவும் குரைக்காத, தடுக்கவும் தடுக்காத, லாரியைக் கண்டால் செத்துவிடுகிற ஒரு நாயை லாரி ரோட்டோரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள் அங்கம்மா.

"இன்னாக்கா இது, சோறு போடாத மாமியா வூட்லேர்ந்து தப்பிச்சு வந்தா மாரி கீது!" சிவந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "நாயா, நாய் மாரி வரஞ்ச கோடா?"

அந்தக் கோடு மீனையும் தொடவில்லை. கம்பும் மோரும் தின்று வளர்ந்த உடம்பு. மீன்கார வீட்டில் மீன் தின்னாத நாய் என்று குப்பமே வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. மூன்றாம் நாள் பாஸ்கர் தன் தட்டிலிருந்த காரப்பொடியை எடுத்து, முள் முள்ளாக உருவி, சோற்றோடு பிசைந்து விரல் நுனியில் நீட்டினான். தின்றது. அவன் எழிலுக்குச் சின்ன வயசில் ஊட்டின அதே பிசைதல். அங்கம்மா பாத்திரம் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டாள்.

பேர் வைப்பதில்தான் சண்டை வந்தது. அங்கம்மா கருப்பி என்றாள். கருப்பி என்றால் நாய் காதைக்கூடத் திருப்பாது. பாஸ்கர் ஒருநாள் சாதாரணமாக, நேற்று வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் மாதிரி, "எழிலு, இங்க வா" என்றான். எழுந்து போயிற்று.

அங்கம்மா அடுப்பிலிருந்து கரண்டியோடு வந்தாள். "இன்னா பேரு சொன்னே? இன்னொரு தபா அந்தப் பேரச் சொன்னே, நாக்க இழுத்து வச்சு அறுத்துடுவேன்!"

"ம்மா, அவருக்கு இன்னாமா தெரியும்?"

"எனுக்குத் தெரியும்டி!"

அவளுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது, கண்ணுங்களா. அன்றைக்குக் காலையில் எழில் பாயை விட்டு எழவில்லை. உடம்பு கதகதவென்றுதான் இருந்தது. "இன்னிக்கு வேலைக்குப் போலம்மா. வாணாம்" என்றாள். அங்கம்மாவுக்கு மார்க்கெட்டுக்கு நேரமாகிவிட்டது. "ஒடம்புக்கு ஒண்ணியும் இல்ல, சோம்பேறித்தனம். எந்திரிடி" என்று போர்வையை உருவிவிட்டுப் போனாள். பாஸ்கர் அப்போது நடுக்கடலில். ஜோதிகா பள்ளிக்கூடத்தில் சிறப்பு வகுப்பு என்று முன்னமே போய்விட்டாள். அந்தப் பேச்சைக் கேட்டது அந்த வீட்டுச் சுவர் ஒன்றுதான். அதனால்தான் அந்தப் பேரைச் சாமியாக்கி மாடத்தில் ஏற்றிவிட்டாள். சாமியைத் திருப்பிக் கூப்பிட வேண்டியதில்லை.

ஒரு வாரம் பாஸ்கர் ரோட்டுக்குப் போகவில்லை. அவள் கட்டுவதையும் நிறுத்தவில்லை, அவன் அவிழ்ப்பதையும் நிறுத்தவில்லை. அவிழ்த்துவிட்டு நாயோடு உட்கார்ந்து வலை பின்னுவான். அங்கம்மாவின் நெஞ்சில் அரை மூச்சு இறங்கியது. எட்டாம் நாள் சிவந்தி சொன்னாள், ஒன்பதரைக்கு அவன் நாயைக் கூட்டிக்கொண்டு கரைக்கல் வரைக்கும் போய் வந்தானாம். நாய் ஒரு குரல் கொடுக்கவில்லையாம். நல்ல நாய், கூடவே போயிற்றாம்.

அங்கம்மா தேவப்பிரியம் கடைக்கு ஓடினாள். "அந்தக் கோம்பை கீதா? மாத்திக் குடுக்கச் சொல்லு. காலப் புடிச்சிக் கேக்குறேன்."

தேவப்பிரியம் தராசை விட்டுவிட்டு வெளியே வந்தாள். "அக்கா... அத மறுநாளே ஒரு குடோன்காரரு கொண்டு போயிட்டாரு. சொன்னா சங்கடப்படுவீகன்னுதான் சொல்லல."

அங்கம்மா, "ஒரு கிலோ உப்புக் குடு" என்றாள், வந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று.

அதற்கு மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மார்க்கெட்டில் ஆளே இல்லை. கவலை மீன் கண் வெளுத்துக் கிடந்தது. பத்தரை மணிக்கே தேக்சாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். சந்தின் முட்டளவு தண்ணீரைத் தாண்டி வீட்டுக்குள்ளே பார்த்தால் கட்டில் காலி. நாய் இல்லை. பின்னிய வலை பாதியில் கிடந்தது.

கயிறும் இல்லை.

கயிற்றை அவிழ்த்து எப்போதும் கட்டிலடியில் சுருட்டி வைத்துவிட்டுத்தான் போவான், போட்டில் வைப்பது மாதிரி. இன்றைக்குக் கயிற்றை எதற்கு எடுத்துக்கொண்டு போனான்?

"சிவந்தி! யே சிவந்தி! அந்தாளப் பாத்தியா?"

"மழைக்குக் கதவ சாத்திகினு இருந்தேங்கா! ஐயையோ!"

தேக்சா எங்கே விழுந்தது என்று தெரியாது. அங்கம்மா முதலில் கரைக்கல்லுக்கு ஓடினாள். அலை கல்லுக்கு மேலே எகிறிக் கொட்டிக்கொண்டிருந்தது. யாருமில்லை. திரும்பி ரோட்டுக்கு ஓடினாள். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினாள். ரோட்டை எட்டும்போது லாரிகள் ஓடவில்லை. ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றிருந்தன. இஞ்சின் உறுமுகிறது, ஹாரன் அடிக்கிறார்கள், முன்னால் எங்கோ கூட்டம்.

நாலு வருஷத்துக்கு முன்னாலும் இப்படித்தான் லாரிகள் நின்றிருந்தன. அன்றைக்கும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனவள் அவள்தான். கால் அதற்கு மேல் போகவில்லை. "இன்னாபா அங்க? யாருபா?" என்று ஒரு கிளீனரைக் கேட்டாள்.

"பள்ளத்துல வண்டி எறங்கிகீது ஆயா. ஆக்ஸில் கட்டு. யாருக்கும் ஒண்ணியும் இல்ல," என்றான் அவன்.

அவள் லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் கண் தெளிந்து, குப்பத்துப் பக்கத்து ரோட்டோரச் சேற்றைப் பார்த்தாள்.

பாஸ்கர் குந்தியிருந்தான். தலையில் துண்டு, உடம்பெல்லாம் மழை. அவன் முன்னால் கன்னி நாலு காலையும் பரப்பிச் சேற்றோடு சேறாகப் படுத்திருந்தது. அதன் கழுத்தில் அந்தக் கயிறு, தளர்வாக ஒரு வளையம். மறு முனை பாஸ்கரின் மணிக்கட்டில். இரண்டு வருஷமாக முடிச்சை அவிழ்த்துக்கொண்டேயிருந்த கை, இன்றைக்குத்தான் ஒன்று போட்டிருந்தது.

"யோவ்! இன்னாய்யா! இன்னாய்யா பண்ணிகினுகீறே!"

"கூவாத, ஏ," என்றான் அவன் மெதுவாக. "பயந்துகினுகீது."

"எந்திரி. எந்திரிய்யா."

"தாண்டி வுடலாம்னுதான் இட்டாந்தேன். கைய வுட்டுடக் கூடாதுன்னு கட்டிகினேன். ஒன்பது மணிலேர்ந்து பாக்குறேன், அசைய மாட்டேங்குது." அவன் நாயின் நனைந்த தலையைத் தடவினான். பிறகு அங்கம்மாவை நிமிர்ந்து பார்த்து, வேண்டிக்கொள்கிற மாதிரி சொன்னான். "இன்னிக்கு வேலைக்கு வாணாமாம். போலன்னுது. நீ திட்டாத, ஏ."

அங்கம்மா சேற்றில் அவன் எதிரே உட்கார்ந்துவிட்டாள். அவனுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்த ஒரே வாய் அவளுடையதுதான், அது நாலு வருஷமாக மூடிக் கிடந்தது.

முன்னால் எங்கோ வண்டியைத் தள்ளிவிட்டார்கள் போலிருக்கிறது. லாரிகள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தன. சக்கரங்கள் ஒரு முழ தூரத்தில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயின. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நனைந்து இறுகிக் கிடந்தது, அவள் விரலுக்கு ஏறவில்லை. "அவுறுய்யா" என்றாள். அவன் தலையை ஆட்டி மணிக்கட்டை மார்போடு சேர்த்துக்கொண்டான். இந்த நாய் எழுந்தால்தான் இந்த மனுஷன் எழுவான்.

"கருப்பி. ஏய் கருப்பி, எந்திரி."

காது அசையவில்லை. ஒரு ஹாரன் தலைக்கு மேலே அலறியது. நாய் இன்னும் சேற்றுக்குள் ஒடுங்கியது.

அங்கம்மா குனிந்தாள். மூக்கு நாயின் ஈரக் காதில் படுகிற அளவுக்குக் குனிந்தாள். வாய் திறந்து திறந்து மூடியது.

"எழிலு."

காதின் நுனி மட்டும் எழுந்தது.

"எழிலு... வாணாம்னா வாணாம்மா. இன்னிக்குப் போவ வாணாம். அம்மா திட்டல. எந்திரிடி கண்ணு, வூட்டுக்குப் போலாம். எழிலு... எழிலு..."

நிறுத்த முடியவில்லை அவளால். நாலு வருஷத்துப் பேரும் ஒன்றாக வந்தது. மழையில் நின்ற பூக்காரி ஒருத்தி திரும்பிப் பார்த்துவிட்டு மெல்ல நகர்ந்து போனாள்.

கன்னி முன்னங்காலை ஊன்றியது. நடுங்கிக்கொண்டே பின்னங்காலையும் ஊன்றி எழுந்து நின்றது. அது எழுந்ததும் கயிறு இழுக்க, பாஸ்கரும் எழுந்தான். அங்கம்மா இரண்டு பேருக்கும் நடுவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முதுகை ரோட்டுக்குக் காட்டி, சந்துக்குள் திரும்பினாள்.

நாலு அடி போனதும் பாஸ்கர் நின்றான். ஒரு தடவை பின்னால் ரோட்டைப் பார்த்தான்.

"நாளைக்கு வேலை கீதா அவளுக்கு?"

அங்கம்மா கயிற்றை இன்னொரு சுற்றுத் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

"நாளைக்கும் இல்ல. நட."